கல்லூரிச் சேமிப்பும் வரிச் சலுகையும்: நமக்கு எது லாபம்?

(நமது கூட்டமைப்பின் கூட்டத்தில் ஊக்குநர்கள், பிரதிநிதிகள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்குக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.)



அமாவாசை முடிஞ்சு ரெண்டு நாள்தான் ஆகுது. ஊஞ்சல் உற்சவத்துக்கு வந்த கூட்டத்தில் பூ வித்தவங்க, எலுமிச்சம்பழம் வித்தவங்க, குங்குமம் மஞ்சள் கடை போட்டவங்க, ராத்திரி முழுக்க டீ ஆத்தினவங்க பல பேர் இங்கே உட்கார்ந்திருக்கீங்க. இன்னும் கண்ணு எரிச்சல்கூடப் போயிருக்காது. அப்படியும் நேரத்துக்கு வந்ததற்கு நன்றி.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்குச் சேமிப்பது. இதை ஏன் எடுத்தோம் என்றால், பல குழுக்களில் இருந்து ஒரே கேள்வி வந்தது. கிராமத்துக்கு விண்ணப்பத்தை எடுத்துக்கிட்டு வர்றவங்க, “பிள்ளை படிப்புக்குப் பணம் போடுங்கம்மா, வரிச் சலுகை கிடைக்கும்” என்று சொல்லிக் கையெழுத்து கேட்கிறார்கள். வரிச் சலுகைன்னா என்ன? அது நமக்கு வருமா? வந்தால் எவ்வளவு வரும்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வரிச் சலுகையால் ஒரு பைசாகூட வராது. ஆனால் அதே திட்டங்களில் ஒன்றிரண்டு நமக்கு மிக நல்ல திட்டங்கள். அவை நல்லவை என்பதற்குக் காரணம் வரி இல்லை, வேறு. அந்த வேறு காரணத்தைத் தெரிந்துகொண்டு பணம் போடுபவர் ஏமாற மாட்டார். வரி என்ற வார்த்தையைக் கேட்டுப் போடுபவர் ஏமாற வாய்ப்பு உண்டு.

வரிச் சலுகை என்றால் என்ன?

வருமான வரி என்பது ஒருவருடைய வருட வருமானம் ஒரு அளவுக்கு மேல் போனால் அரசுக்குக் கட்டுவது. குறிப்பிட்ட சில இடங்களில் பணம் போட்டால், அந்தத் தொகையை வருமானத்தில் கழித்துக்கொண்டு மீதிக்கு மட்டும் வரி கட்டலாம் என்று சட்டம் சொல்கிறது. இதைத்தான் வரிச் சலுகை, வரிக் கழிவு என்கிறோம். 1961-ஆம் ஆண்டு சட்டத்தில் இதற்கு 80சி பிரிவு என்று பெயர். வேலைக்குப் போகிறவர்கள் “எய்ட்டி சி” என்று பேசிக்கொள்வது இதைத்தான். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் இதுவே 123-ஆம் பிரிவு. எண்தான் மாறியது, விஷயம் ஒன்றுதான். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரைதான் கழிக்க முடியும்.

இந்த ஒன்றரை லட்சத்துக்குள் என்னென்ன வரும்? செல்வமகள் சேமிப்புக் கணக்கு, அஞ்சலகத்திலும் வங்கியிலும் உள்ள பொது வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டு பிரீமியம், சம்பளக்காரர்களின் வைப்பு நிதி ஆகியவை வரும். இரண்டு பிள்ளைகள் வரை பள்ளி, கல்லூரிக்குக் கட்டும் படிப்புக் கட்டணமும் வரும். படிப்புக் கட்டணம் என்றால் அது மட்டும்தான். பஸ் கட்டணம், விடுதிக் கட்டணம், நன்கொடை எதுவும் இதில் சேராது.

நம்ம வீட்டுக் கணக்கைப் பாருங்க

இப்போ நம்ம கணக்குக்கு வருவோம். அமாவாசைக் கடை, நூறு நாள் வேலை, தையல், ஆடு மாடு எல்லாம் சேர்த்து மாசம் 10,000 ரூபாய் ஒரு உறுப்பினருக்கு வருதுன்னு வைப்போம். வருடத்துக்கு 1,20,000. பழைய வரி முறையிலேயே இரண்டரை லட்சம் வரை வரி கிடையாது. ஐந்து லட்சம் வரை வரியைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். அப்போ இந்த உறுப்பினர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழித்தாலும் பூஜ்யம்தான்.

நெல், மல்லாட்டை, உளுந்து போட்டு வர்ற வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரியே கிடையாது. ஆகவே செஞ்சி கமிட்டியில் மூட்டை போட்டு வாங்கிவரும் பணத்துக்கு வரிச் சலுகை தேவையே இல்லை.

இங்கே இன்னொரு பயத்தையும் தெளிவுபடுத்தணும். “பான் கார்டு எடுத்தா வரி கட்டச் சொல்லுவாங்க” என்று சில கிராமங்களில் பேச்சு இருக்கு. அது உண்மை இல்லை. பான் அட்டை ஒரு அடையாள எண். வருமானம் வரம்புக்கு மேல் இருந்தால்தான் வரி. சேமிப்புக் கணக்குத் தொடங்கும்போது ஆதாரும் பானும் கேட்பார்கள். பயப்படாமல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளக்காரர் உள்ள வீடுகள்

நம் குழுக்களில் சில பேருடைய வீட்டுக்காரர் ஆசிரியர், போலீஸ், பஸ் டிரைவர் என்று சம்பள வேலையில் இருக்கிறார். அவர்களுக்கு வரிச் சலுகை உண்டா? இங்கேதான் சமீபத்தில் பெரிய மாற்றம் வந்தது.

2020-இல் புதிய வரி முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2023-24 நிதியாண்டு முதல், நாம் வேறு கேட்காவிட்டால் அந்த முறையில்தான் வரி போடுவார்கள். அதில் வரி விகிதம் குறைவு. ஆனால் நாம் சொன்ன 80சி கழிவு கிடையாது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில், 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை என்று அறிவித்தார்கள். சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75,000 சேர்த்து 12,75,000 வரை வரி இல்லை. அதாவது மாசம் ஒரு லட்சம் சம்பளம் வாங்கும் ஆசிரியரும் புதிய முறையில் வரி கட்ட வேண்டாம். கட்ட வேண்டாத வரிக்கு அவருக்கும் சலுகை எதற்கு?

பழைய முறையிலேயே இருக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கழிவு பயன்படும். பெரும்பாலும் வீட்டுக் கடன், வாடகைப் படி போன்ற வேறு கழிவுகளும் உள்ளவர்கள்தான் அதில் இருப்பார்கள். அவர்களுக்கு எவ்வளவு மிச்சம்? பழைய முறையில் 5 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடைப்பட்ட வருமானத்துக்கு 20 சதவீதம் வரி. அந்தப் படியில் இருப்பவர் மகள் பெயரில் வருடம் 12,000 ரூபாய் போட்டால் 2,400 ரூபாய் வரியும், அதன் மேல் 4 சதவீத கூடுதல் வரி 96 ரூபாயும் மிச்சம். ஆக 2,496 ரூபாய். நல்ல தொகைதான். ஆனால் யார் பணம் கட்டுகிறாரோ அவர்தான் கழிக்க முடியும். ஆகவே வரி கட்டுகிற கணவர் தன் கணக்கிலிருந்து கட்டி, ரசீதைத் தன் அலுவலகத்தில் கொடுக்கட்டும். நீங்கள் அமாவாசைக் காசிலிருந்து கட்டிவிட்டு அவர் கழிவு கேட்பது முறை இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள். செல்வமகள் கணக்கில் வரும் வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் எந்த முறையிலும் வரி இல்லை. அது எல்லாருக்கும் பொது.

செல்வமகள் சேமிப்பு: விதிகளைச் சரியாகத் தெரிந்துகொள்வோம்

இந்தத் திட்டம் 2015 ஜனவரி 22-ஆம் தேதி அரியானா மாநிலம் பானிப்பட்டில் தொடங்கப்பட்டது. நம் தமிழ்நாட்டில் செல்வமகள் என்று பெயர். இதில் தவறாகப் புரிந்துகொண்ட விஷயங்கள் நிறைய இருப்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறோம்.

1. பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆகும் முன் கணக்குத் தொடங்க வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தொடங்கலாம். இரட்டைக் குழந்தை பிறந்தால் விதிவிலக்கு உண்டு. ஒரு குழந்தைக்கு ஒரே கணக்குதான்.

2. வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். முதலில் குறைந்தபட்சம் 1,000 ஆக இருந்தது, 2018-இல் 250 ஆகக் குறைத்தார்கள். ஒரு வருடம் கட்டத் தவறினால் விட்டுப்போன வருடத்துக்கு 50 ரூபாய் அபராதம் கட்டிக் கணக்கைப் புதுப்பிக்கலாம்.

3. 15 வருடம் பணம் கட்ட வேண்டும். கணக்குத் தொடங்கி 21 வருடத்தில் முதிர்வு. “பொண்ணுக்கு 21 வயசு ஆனா பணம் வரும்” என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குழந்தைக்கு எட்டு வயதில் தொடங்கினால், அவள் 29 வயதில்தான் முதிர்வு.

4. ஆனால் மேற்படிப்புக்கு இடையில் எடுக்கலாம். பெண்ணுக்கு 18 வயது ஆனாலோ, பத்தாம் வகுப்பு தேறினாலோ, எது முந்தியோ அப்போது முதல், முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த தொகையில் பாதி வரை எடுக்கலாம். கல்லூரி சேர்க்கைக் கடிதம் அல்லது கட்டண ரசீது காட்ட வேண்டும். மொத்தமாகவும் எடுக்கலாம், வருடத்துக்கு ஒரு முறை என்று ஐந்து வருடம் வரை தவணையாகவும் எடுக்கலாம். கட்டணம் எவ்வளவோ அதற்கு மேல் தரமாட்டார்கள்.

5. வட்டியை மத்திய அரசு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிவிக்கும். 2015-16-இல் 9.2 சதவீதம் இருந்தது, 2020 ஏப்ரலில் 7.6 ஆக இறங்கியது, 2024 ஜனவரியில் 8.2 ஆக ஏறியது. ஆகவே இன்றைக்கு இருக்கும் வட்டியே 21 வருடமும் இருக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

6. மாதத்தில் 5-ஆம் தேதி முடிவில் இருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி. 5-ஆம் தேதிக்குள் கட்டினால் அந்த மாதமே வட்டி சேரும். 6-ஆம் தேதி கட்டினால் ஒரு மாத வட்டி போச்சு. அமாவாசை மாசக் கடைசியில் வந்தால் அந்தக் காசை வீட்டில் வைக்காமல் உடனே கட்டிவிடுங்கள்.

7. பாட்டி, தாத்தா தொடங்கிய கணக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள. சட்டப்படி காப்பாளர் அல்லாத பாட்டி தாத்தா தொடங்கியிருந்தால், அதைப் பெற்றோர் அல்லது சட்டபூர்வக் காப்பாளர் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று 2024 அக்டோபர் 1 முதல் விதி. பேத்திக்காகக் கணக்குத் தொடங்கிய அம்மாமார்கள் பாஸ் புத்தகத்துடன் அஞ்சலகத்துக்குப் போய்ச் சரிசெய்யுங்கள்.

இப்போ ஒரு கணக்கு. மாதம் 1,000 ரூபாய் கட்டுகிறோம், வட்டி 8.2 சதவீதமாகவே இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்.

மகளுக்கு 2 வயதில் தொடங்கினால், 17 வயதில் கல்லூரி வாசலில் நிற்கும்போது 15 வருடம் கட்டி முடித்திருப்போம். கட்டியது 1,80,000. கணக்கில் இருப்பது சுமார் 3,45,000. அதில் பாதி, அதாவது சுமார் 1,72,000 படிப்புக்கு எடுக்கலாம்.

மகளுக்கு 9 வயதில் தொடங்கினால், 17 வயதுக்குள் 8 வருடம்தான் கட்டியிருப்போம். கட்டியது 96,000. கணக்கில் சுமார் 1,34,000. எடுக்கக்கூடியது சுமார் 67,000.

மாசம் கட்டும் பணம் ஒன்றுதான், கையில் வருவதில் இத்தனை வித்தியாசம். இந்தத் திட்டத்தின் லாபம் வரியில் இல்லை, சீக்கிரம் தொடங்குவதில்தான் இருக்கு. அங்கன்வாடிக்குப் போகும் குழந்தை உள்ள உறுப்பினர்கள்தான் இன்றைக்கு முதலில் கேட்க வேண்டியவர்கள்.

பையனுக்கு என்ன?

“பையனைப் பெத்தவங்க என்ன பாவம் செஞ்சோம்?” என்று ஒரு அக்கா கேட்டாங்க. பையனுக்குப் பொது வைப்பு நிதி இருக்கிறது. நம் மாநில அஞ்சல் துறை 2015-இல் இதைப் பொன்மகன் பொது வைப்பு நிதி என்ற பெயரில் எடுத்துச் சொன்னது. வருடம் குறைந்தது 500 ரூபாய், முதிர்வு 15 வருடம். 2020 ஏப்ரலில் வட்டி 7.1 சதவீதம் என்று ஆனது. ஏழாவது நிதியாண்டு முதல் ஒரு பகுதியை எடுக்கலாம். அந்தப் பணத்துக்கும் வட்டிக்கு வரி இல்லை. பையன் மூன்றாம் வகுப்பு தாண்டுவதற்குள் தொடங்கினால் கல்லூரி நேரத்துக்குச் சரியாக வரும்.

சேமிப்பா, கடன் அடைப்பா?

இது நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். ஒரு உறுப்பினருக்கு வெளியில் மூணு வட்டிக்கு 20,000 ரூபாய் கடன் இருக்கு. நூற்றுக்கு மாதம் மூணு ரூபாய் என்றால் வருடத்துக்கு 36 ரூபாய். அதே நேரம் அவர் மகள் கணக்கில் மாதம் 1,000 போடுகிறார், அதில் வருவது நூற்றுக்கு எட்டு ரூபாய் சொச்சம். இடது கையில் எட்டு வாங்கி வலது கையில் முப்பத்தாறு கொடுக்கிறார். இது சேமிப்பு ஆகாது.

அதற்காகக் கணக்கே தொடங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 250 ரூபாய் போட்டு இன்றைக்கே தொடங்குங்கள். பத்து வயது கடந்துவிட்டால் பிறகு தொடங்க முடியாது. வருடம் 250 மட்டும் கட்டிக் கணக்கை உயிரோடு வைத்திருங்கள். மீதிப் பணத்தில் வெளிக்கடனை அடையுங்கள். குழுவில் உள்கடன் வாங்கி வெளிக்கடனை முடிக்க முடியுமென்றால் அதையும் பாருங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கினாலும் வருடத்துக்கு 12 தான். கடன் தீர்ந்த மாசத்திலிருந்து அந்தத் தவணைப் பணத்தை அப்படியே மகள் கணக்கில் போடுங்கள். கட்டிப் பழகின கை, பாரமாகத் தெரியாது.

வரி கட்டாதவருக்கு அரசு எப்படி உதவுகிறது?

வரிச் சலுகையில் ஒரு குறை உண்டு. அதிகம் சம்பாதிப்பவருக்கு அதிகம் தரும், குறைவாகச் சம்பாதிப்பவருக்கு ஒன்றும் தராது. மற்ற நாடுகளிலும் இந்தப் பிரச்சனை இருக்கிறது. அமெரிக்காவில் 1996-இல் வந்த 529 என்ற சட்டப் பிரிவின் பெயரிலேயே கல்லூரிச் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. அங்கே மத்திய வரியில் கழிவு இல்லை, முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் மாநில வரியில் கழிவு தருகின்றன. அங்கேயும் வரி கட்டுகிறவருக்குத்தான் கழிவு.

நம் தமிழர்கள் நிறைய வாழும் கனடாவில் வேறு வழி செய்தார்கள். பிள்ளையின் படிப்புக் கணக்கில் பெற்றோர் வருடம் 2,500 டாலர் போட்டால், அரசு தன் பங்காக 500 டாலர் போடும். ஏழைக் குடும்பத்துக் குழந்தை என்றால், பெற்றோர் ஒரு டாலர்கூடப் போடாவிட்டாலும் அரசே சிறிது சிறிதாக மொத்தம் 2,000 டாலர் வரை போடும். 2004 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இது உண்டு. வரியில் கழிக்காமல் நேராகக் குழந்தையின் கணக்குக்கே பணம் போகிறது.

நம் மாநிலத்திலும் இப்படி நேரடியாக வரும் உதவிகள் உண்டு. வரிச் சலுகையை விட இவைதான் நமக்கு முக்கியம்.

முதலாவது, 1992-இல் தொடங்கிய முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். ஆண் வாரிசு இல்லாமல், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட, வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கானது. ஒரே பெண் குழந்தை என்றால் அவள் பெயரில் 50,000 ரூபாய், இரண்டு பெண் குழந்தை என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் அரசே வைப்பாகப் போடும். பெண்ணுக்கு 18 வயதில் வட்டியோடு முதிர்வு. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். குழந்தைக்கு மூன்று வயது ஆகும் முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். வாங்கினவர்கள் வைப்புப் பத்திரத்தை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்கு 18 ஆகும்போது அதைத் தேடி அலையும் நிலை வேண்டாம்.

இரண்டாவது, புதுமைப்பெண். ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவிவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டத்தை உயர்கல்வி உதவியாக மாற்றி, 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கினார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், பட்டப் படிப்போ பாலிடெக்னிக்கோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும் என்று வகுத்தார்கள். 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்தார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கினார்கள். கல்லூரி சேர்ந்த உடனே அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டுப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். தாலிக்கு என்று கொடுத்த உதவியையே படிப்புக்கு என்று மாற்றியிருக்கிறார்கள். நம் வீட்டில் நாம் எப்படி? செல்வமகள் கணக்கை 18 வயதுக்குப் பிறகு திருமணத்துக்காக முடித்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. “படிப்புக்கு எப்படியோ பார்த்துக்கலாம், இது கல்யாணத்துக்கு இருக்கட்டும்” என்று ஒதுக்கி வைக்கும் வீடுகள் நிறைய. திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறிப் படிக்கப் போக வேண்டிய பெண், பணம் இல்லை என்று வீட்டோடு நின்றால், கணக்கில் இருக்கும் பணத்துக்கு என்ன அர்த்தம்?

மூன்றாவது, முதல் பட்டதாரி சலுகை. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கியிராத வீட்டுப் பிள்ளை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் படிப்புக் கட்டணச் சலுகை உண்டு. 2010-11-இல் தொடங்கியது. அதற்கான சான்றிதழைப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த உடனே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது.

கல்விக் கடனில் உள்ள சலுகை

சேமிப்பு போதாமல் கடன் வாங்க வேண்டி வந்தால், வங்கிக் கல்விக் கடனுக்கே முதலில் போங்கள். 4 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். குடும்ப வருமானம் வருடம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பு என்றால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-இல் வந்தது. 2018-க்குப் பிறகு இதற்குக் கல்லூரிக்கோ படிப்புக்கோ தேசிய தர அங்கீகாரம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். ஆகவே சேரும் முன்பே கல்லூரியில் “நாக் அங்கீகாரம் இருக்கா?” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இதில் வரிச் சலுகையும் உண்டு. கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும், எட்டு வருடம் வரை, பழைய வரி முறையில் கழிக்கலாம். உச்சவரம்பு இல்லை. ஆனால் வங்கி அல்லது அங்கீகரித்த நிறுவனத்தில் வாங்கிய கடனுக்கு மட்டும். நம் குழுக் கடனில் கட்டணம் கட்டியிருந்தால் இது கிடைக்காது. மகள் படித்து வேலைக்குப் போய், வரி கட்டும் அளவு சம்பாதித்துத் தானே கடனைக் கட்டும்போது அவளுக்கு இது உதவலாம். அந்த நாள் வரட்டும்.

முகவர் வந்தால் கேட்க வேண்டிய நாலு கேள்வி

ஒன்று: எத்தனை வருடம் கட்டணும்?

இரண்டு: ரெண்டு வருடம் கட்டி நிறுத்திட்டா எவ்வளவு திரும்ப வரும்? இதை எழுத்தில் கேளுங்கள். படிப்புப் பாலிசி என்று சொல்லப்படும் சிலவற்றில் ஆரம்பத்தில் நிறுத்தினால் கட்டினதில் பெரும்பகுதி போய்விடும். மழை பொய்த்தால் நம் வருமானம் நிற்கும். நிறுத்தினாலும் பணம் போகாத இடம்தான் நமக்கு ஏற்ற இடம்.

மூன்று: என் பிள்ளை கல்லூரி சேரும் வருடத்தில் கையில் எவ்வளவு வரும்?

நாலு: எனக்கு வரியே இல்லையே, வரிச் சலுகையால் எனக்கு என்ன லாபம்?

நாலாவது கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனியுங்கள். “உங்களுக்கு அது இல்லம்மா, ஆனா வட்டி இவ்வளவு, எப்ப வேணா இவ்வளவு எடுக்கலாம்” என்று நேராகச் சொன்னால் மேலே பேசுங்கள். மழுப்பினால் கையெழுத்துப் போடாதீர்கள். அதிக வட்டி, மாசாமாசம் பணம் என்று ஆசை காட்டும் இடங்களுக்குப் பிள்ளையின் படிப்புக் காசை எடுத்துப் போகவே கூடாது.

குழுக்கள் செய்ய வேண்டியவை

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதிச் செய்து முடிக்க வேண்டியதாக இவற்றை முன்வைக்கிறோம்.

ஒவ்வொரு குழுவும் பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளின் பட்டியல் எடுக்க வேண்டும். யாருக்குக் கணக்கு இருக்கு, யாருக்கு இல்லை, யாருக்கு இந்த வருடம் பத்து வயது முடியப்போகுது என்று குறிக்க வேண்டும். பத்தை நெருங்கும் குழந்தைகளுக்கு முதலில்.

நின்றுபோன கணக்குகளைப் புதுப்பிக்க வேண்டும். நாலு வருடம் விட்டுப்போயிருந்தால் வருடத்துக்கு 250 வீதம் 1,000, அபராதம் 50 வீதம் 200, ஆக 1,200 ரூபாய். இதற்குக் குழுவில் சின்னதாக உள்கடன் கொடுத்தால் தப்பில்லை.

சந்தா கட்டும் கூட்டத்தை முடிந்தவரை 5-ஆம் தேதிக்கு முன் வைத்துக்கொண்டால், அன்றே அஞ்சலகத்துக்கும் பணம் போய்விடும். வருடத்துக்கு ஒரு முறை பாஸ் புத்தகத்தில் வட்டி பதிந்திருக்கிறதா என்று எல்லாரும் சேர்ந்து பார்க்க வேண்டும். படித்த பிள்ளைகளை விட்டே கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தன் படிப்புக்கு அம்மா சேர்க்கும் பணம் எவ்வளவு என்று பிள்ளைக்கும் தெரியட்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சாதி, வருமானம், முதல் பட்டதாரி ஆகிய மூன்று சான்றிதழுக்கும் தேவையான நகல்களை இப்போதே எடுத்து வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையே என்று யாரும் தாழ்வாக நினைக்க வேண்டாம். சோப்பு வாங்கினாலும் எண்ணெய் வாங்கினாலும் அதன் விலையில் நாமும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே அரசு தரும் உதவியைச் சலுகை என்று கூச்சப்படாமல், உரிமையோடு கேட்டு வாங்குங்கள். நம் பிள்ளைகள் படித்து, நல்ல வேலைக்குப் போய், “அம்மா, இந்த வருஷம் எனக்கு வரி பிடிச்சுட்டாங்க” என்று ஒரு நாள் வந்து சொல்லட்டும். அப்போது அந்த 80சி கணக்கை அவர்களே நமக்குச் சொல்லித் தருவார்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் பாஸ் புத்தகத்தோடு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.